தவிட்டுக்குருவிக்கும் ஒரு நோட்டுப் போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டு விலங்குகளின் கூட்டு வாழ்க்கை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் வந்த யானையும் சிம்பன்சியும் சரிதான். ஆனால் கடலூர்ப் பக்கம் விலங்கியல் படிக்கிற பிள்ளைக்கு, இதெல்லாம் ஆப்பிரிக்காவிலோ முதுமலையிலோ நடக்கிற சமாச்சாரம் என்றுதான் தோன்றும். நம் பிள்ளைகள் புராஜெக்ட் என்றால் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணிவிட்டு வருகிறார்கள். எத்தனை என்பது நோட்டில் இருக்கும். எது எதோடு சேர்ந்து திரிந்தது என்பது இருக்காது.

நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களில் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியும். அவர் சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், தவிட்டுக்குருவிகள் இரை தேடும் விதம் பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

அந்தக் குருவிக்கு இங்கே பஞ்சமே இல்லை. பண்ருட்டி முந்திரித் தோப்பில் சருகைக் கிளறிக்கொண்டு ஏழெட்டாகத் திரியும். மற்றவை கீழே மேயும்போது ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். குஞ்சுக்குத் தாய் தகப்பன் மட்டுமல்லாமல் கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை ஊட்டும். இடையில் சுடலைக்குயில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போனால், அந்தக் குஞ்சையும் சேர்த்து வளர்க்கும். காவலுக்கு எப்போதும் ஒரே குருவிதான் உட்காருகிறதா? யார் யாருக்கு இறகு கோதிவிடுகிறது? இதற்கு ஜீப்பும் வேண்டாம், காட்டுக்குள் போக அனுமதியும் வேண்டாம்.

ஆனால் முறை வேண்டும். சும்மா பார்த்தால் சண்டைதான் கண்ணில் படும். நோட்டு முழுக்கச் சண்டையாகவே இருக்கும். பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-ல் இதைத்தான் விளக்கி எழுதினார். ஒரு விலங்கைத் தேர்ந்துகொண்டு, குறித்த நேரம் முழுக்க அது செய்வதையெல்லாம், சும்மா உட்கார்ந்திருப்பது உட்பட, எழுத வேண்டும், அப்புறம் அடுத்தது. அதற்கு ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிய வேண்டுமே. காலில் வளையம் மாட்டுவதென்றால் வனத்துறை அனுமதியும் பயிற்சியும் தேவை. தொடக்கத்தில் நொண்டும் காலையும் உதிர்ந்த வால் இறகையும் வைத்துச் சமாளிக்கலாம். இறகு முளைத்துவிட்டால் அடையாளம் போய்விடும், அது வேறு தலைவலி.

தூக்கணாங்குருவியில் அந்தச் சிக்கல் குறைவு. குருவிக்குப் பதில் கூட்டுக்கு எண் கொடுத்துவிடலாம். நெல்லிக்குப்பத்தில் கரும்புத் தோகையைக் கிழித்து ஆண்குருவி பாதிக் கூடு கட்டுவதைப் பார்க்காதவர் யார்? பெட்டை வந்து உள்ளே புகுந்து சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியை முடிக்கும். முடித்த கையோடு இன்னொரு பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். கையில் வேலை இல்லாத காலத்தில் பம்பாய்க்குப் பக்கத்தில் கிஹிமில் உட்கார்ந்து பறவை ஆய்வாளர் சாலிம் அலி இதைக் கவனித்து 1931-ல் வெளியிட்டார்.

எனக்கு உள்ள குறை, மூன்று மாதத்தில் முடித்துக் கொடு என்கிற புராஜெக்ட் முறைமேல்தான். கென்யாவின் அம்போசெலியில் 1972-ல் தொடங்கிய யானை ஆய்வு இன்றும் நடக்கிறது. நம் கல்லூரிகளில் ஒரு செட் மாணவர் எழுதிய நோட்டு, அவர்கள் போனதும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அதை அடுத்த செட்டிடம் கொடுத்து, அதே தோப்பில் அதே கூட்டத்தைத் தொடரச் சொன்னால் காசா செலவாகும்?

அப்படித் தொடர்ந்து எழுதிய குறிப்பை எந்தக் கல்லூரியாவது அனுப்பினால், படம் சுமாராக இருந்தாலும் மாணவர் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நெல்லிக்குப்பம்.