வாரத்தில் இரண்டு நாள், நாற்பது நிமிடம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக எங்கள் சைக்கிள் கடைக்கு வருகிற பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறீர்கள். "அண்ணே, ஓட்ட நேரமே கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு போனால் ஏற்றத்தில் எல்லாரும் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், இலேசான வீல் போட்டால் சரியாகுமா?" வீல் விற்பதுதான் எங்கள் தொழில், விற்கவும் ஆசைதான். ஆனால் இந்தக் குறைக்கு வீல் மருந்து இல்லை. அதனால்தான் விலையைச் சொல்வதற்கு முன்னால் வாரத்தில் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள், எத்தனை நிமிடம், எந்தச் சாலையில் என்று கேட்கிறோம். எதற்கு இத்தனை கேள்வி என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். கல்லாப் பக்கம் நின்றபடி ஐந்து நிமிடத்தில் விளக்கி முடிக்க முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறோம்.

உங்களில் நிறைய பேர் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறீர்கள். ஷிப்ட் முடிந்து நெரிசலில் ஊர்ந்து வீடு சேரவே பொழுது போய்விடுகிறது, அக்கரையில் உள்ள பிறையிலிருந்து பாலம் கடந்து வருகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். காலையில் ஓட்டலாம் என்றால் இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் எழுகிறது. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்ததிலிருந்து இப்படித்தான். ஆக, பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு விடிந்த பிறகு ஓட்ட நேரமே இருக்காது. மிஞ்சுவது வார நாளில் இரண்டு மாலை, அதுவும் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம்.

அந்த நாற்பது நிமிடம் போதும், ஓட்டுகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும். சில நிமிடம் கடினமாக, சில நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓட்டுகிற இன்டர்வல் பயிற்சியைத்தான் சொல்கிறோம்.

போன வாரம் ஒரு தம்பி தன் கைப்பேசியில் பதிவான ஓட்டத்தைக் காட்டினார். வேகக்கோடு ரம்பத்தின் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கியிருந்தது. பூஜ்யத்தைத் தொட்ட இடங்களை எண்ணினோம். பதினோரு தடவை, எல்லாம் சமிக்ஞை விளக்குகள். "சிவப்பில் நிற்கிறேன், பச்சை விழுந்ததும் பாய்கிறேன், இதுவும் இன்டர்வல்தானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதன் கீழே இருந்த இதயத்துடிப்புக் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினோம். அவர் பாய்ந்த அரை நிமிடத்தில் துடிப்பு மெல்ல ஏறத் தொடங்குகிறது, உச்சத்தை நெருங்குவதற்குள் அடுத்த விளக்கு வந்து கீழே விழுந்துவிடுகிறது. கால் களைத்திருக்கிறது, இதயமோ ஒரு தடவைகூட முழுசாக வேலை செய்யவில்லை. நாற்பத்தைந்து நிமிடமும் நடுத்தரமாகவே போயிருந்தது.

இன்டர்வல் என்றால் என்ன என்பதை இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம். மூச்சும் இதயமும் தங்கள் எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் நிமிடங்கள்தான் பயிற்சியின் சத்து. அந்த நிலையில் ஒரே மூச்சாகச் சில நிமிடத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது. ஆனால் நான்கு நிமிடம் ஓட்டி, மூன்று நிமிடம் மெதுவாக உருட்டி, மறுபடி நான்கு நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் அதே உடம்பு பதினாறு நிமிடத்தைச் சேர்த்துவிடுகிறது. வாரக்கணக்கில் இதைச் செய்யும்போது இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. ஏற்றத்தில் உங்களை விட்டுவிட்டுப் போகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

சரி, எப்படிச் செய்வது? நார்வே ஆய்வாளர்கள் வழியாகப் பிரபலமான நான்குக்கு நான்கையே எல்லாருக்கும் முதலில் சொல்கிறோம். பத்து நிமிடம் இலேசாக ஓட்டி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு நான்கு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் மெதுவாக. கடினமான பகுதி நான்கு தடவை, இடையில் மூன்று ஓய்வு, கடைசியில் ஐந்து நிமிடம் ஆற விடுதல். கூட்டிப் பார்த்தால் சரியாக நாற்பது நிமிடம்.

கடினம் என்றால் எவ்வளவு கடினம்? இதயத்துடிப்பு உச்சத்தில் 90 முதல் 95 விழுக்காடு. உங்கள் உச்சம் தெரியாவிட்டால் வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழியுங்கள். நாற்பது வயதுக்காரருக்கு 180 வரும், அவர் 162க்கும் 171க்கும் இடையில் ஓட்ட வேண்டும். இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துக்கு மேல்கூட மாறும். துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டும் பெல்ட் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த நான்கு நிமிடத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் உங்களால் பதில் சொல்ல முடியக்கூடாது. முழு வாக்கியமாகப் பதில் வந்தால் இன்னும் அழுத்துங்கள்.

முதல் தடவை எல்லாரும் செய்கிற தவறு ஒன்று. முதல் நான்கு நிமிடத்தை ஆவேசமாக ஓட்டி, மூன்றாவதில் விழுந்துவிடுகிறார்கள். முதலாவதை முடிக்கும்போது "இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாமோ" என்று தோன்ற வேண்டும், நான்காவதை முடிக்கும்போது ஐந்தாவதை நினைத்துப் பார்க்கவே முடியக்கூடாது. துடிப்பு ஏறவும் ஒன்றரை, இரண்டு நிமிடம் பிடிக்கும், ஆகவே தொடக்கத்திலேயே கைக்கடிகாரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டு மிதிக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓடுகிறது, அதே வேகத்துக்கே துடிப்பு கூடுதலாகக் காட்டும். எண்ணையும் பாருங்கள், மூச்சையும் கேளுங்கள்.

இதைவிடக் குறுகிய பயிற்சி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கனடாவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இருபது விநாடி முழு வேகம் மூன்று தடவை, சூடாக்குவதும் ஆற்றுவதும் சேர்த்துப் பத்தே நிமிடம், வாரம் மூன்று நாள் என்று பன்னிரண்டு வாரம் செய்தவர்களுக்கு, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் மிதமாக ஓட்டியவர்களுக்குக் கிடைத்த அளவுக்கே உடற்திறன் கூடியது. ஆனால் அவர்கள் அதற்கு முன் உடற்பயிற்சியே செய்யாதவர்கள். ஏற்கெனவே ஞாயிறுதோறும் தீவைச் சுற்றுகிற உங்களுக்கும் அதே பலன் வரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இருபது விநாடி வேகம், பத்து விநாடி ஓய்வு என்று தபாத்தா என்ற பெயரில் இணையத்தில் சுற்றும் நான்கு நிமிடப் பயிற்சியும் அப்படித்தான். 1996இல் வந்த மூல ஆய்வில் அந்த இருபது விநாடிகளை, உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனுக்குரிய சக்தியைப் போல் 1.7 மடங்கு சக்தியில் மிதிக்க வைத்தார்கள். வரவேற்பறையில் அந்த அளவுக்கு மிதிப்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது இடம். விளக்கே இல்லாமல் நான்கு நிமிடம் ஓடக்கூடிய ஒரே ஒரு துண்டுச் சாலையைத் தேடிப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் முதல் தேர்வு கெக் லோக் சி கோவிலைத் தாண்டி ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறும் சாலை. அங்கே சரிவே உங்களுக்குப் பயிற்றுநர், ஏமாற்ற முடியாது. நான்கு நிமிடம் ஏறி, திரும்பிக் கீழே உருண்டு வாருங்கள், இறக்கம்தான் ஓய்வு. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, எதிரே மோட்டார் வரும், இறக்கத்தில் வேகம் காட்டாதீர்கள். கோவிலில் கூட்டம் இருக்கும் நாள்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் புலாவுக்குப் போகும் ஏற்றமும் அருமை, ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்குரியது. லிம் சோங் இயூ விரைவுச்சாலையை ஒட்டிய கடலோர சைக்கிள் பாதையில் தயவுசெய்து இன்டர்வல் செய்யாதீர்கள். மாலையில் குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள், தூண்டிலோடு ஆட்கள் நிற்கிறார்கள். மெதுவாக ஓட்டும் நாளில் அங்கே போங்கள், கடற்காற்றில் அது அவ்வளவு நன்றாக இருக்கும்.

மெதுவான நாள் உண்மையிலேயே மெதுவாக இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் இன்டர்வல் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

மழை, புகைமூட்டம், இருட்டு என்று வெளியே போக முடியாத நாளுக்கு டிரெய்னர், அதாவது சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி. விலை உயர்ந்த ஸ்மார்ட் டிரெய்னர்தான் வேண்டும் என்று இல்லை. சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பழைய வகையே நான்குக்கு நான்குக்குப் போதும், மிஞ்சுகிற பணத்தில் ஒரு நல்ல பெரிய மின்விசிறி வாங்குங்கள். விசிறி இல்லாமல் அடுக்குமாடி அறைக்குள் ஓட்டினால் கால் களைப்பதற்கு முன்னால் வெப்பம் உங்களை நிறுத்திவிடும்.

அப்புறம் வியர்வை. இதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இரண்டு மாதம் முன்பு ஒரு சைக்கிள் சர்வீசுக்கு வந்தது, வெளியில் பார்த்தால் பளபளவென்று புதிது மாதிரி இருந்தது. ஹேண்டில் டேப்பைப் பிரித்ததும் உள்ளே அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது, விரலால் தடவினால் உப்பாக ஒட்டியது. ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெமின் போல்ட் ஒன்றில் சாவியை வைத்துத் திருப்பினோம், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. சாலையில் ஓட்டும்போது எதிர்க்காற்று வியர்வையை அள்ளிக்கொண்டு போகும், டிரெய்னரில் அத்தனையும் நேராக ஹேண்டிலிலும் ஸ்டெமிலும் சொட்டுகிறது. அந்த போல்ட் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஹேண்டில் மேல் ஒரு துண்டைப் போட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், ஆண்டுக்கு ஒரு தடவையாவது டேப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் எவ்வளவு என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நெஞ்சில் இறுக்கம் வந்த அனுபவம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே இதைத் தொடங்குங்கள். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் வெளியே இன்டர்வல் வேண்டாம்.

புதன்கிழமை மாலைகளில் கடையின் பின்பக்கம் இரண்டு டிரெய்னர்களும் ஒரு விசிறியும் போட்டு வைக்கிறோம். முதல் நான்குக்கு நான்கை யாராவது பக்கத்தில் நின்று நேரம் சொல்ல ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், கட்டணம் இல்லை, துண்டும் தண்ணீரும் நீங்கள் கொண்டுவர வேண்டும். அணைச் சாலைக்குப் போகத் தீர்மானித்தவர்கள் அதற்கு முன்னால் பிரேக் கட்டையைக் காட்டிவிட்டுப் போங்கள், பார்த்துக் கொடுக்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுனிலிருந்து உங்கள் சைக்கிள் கடைக்காரர்கள்