எண் தெரியும், வாசகம் தெரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 26 அரசமைப்பு நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவந்த வினா விடைத் தொகுப்பைப் படித்தேன். தொடக்கத்தில் எத்தனை பிரிவுகள் இருந்தன, வழிகாட்டு நெறிமுறைகள் எந்த நாட்டிலிருந்து எடுக்கப்பட்டன, வரைவுக் குழுவின் தலைவர் யார் என நாற்பது கேள்விகள். விடைகளில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த நாற்பதில் ஒன்றுகூட அரசமைப்புச் சட்டத்தின் ஒரு வாக்கியத்தையாவது முழுமையாகப் படித்திருந்தால்தான் விடை சொல்ல முடியும் என்ற வகையைச் சேர்ந்ததாக இல்லை. இது தங்கள் நாளிதழின் குறை மட்டுமன்று. பள்ளித் தேர்வு முதல் அரசுப் பணித் தேர்வு வரை இந்தப் பாடம் நடத்தப்படும் முறையே இதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் சில இளைஞர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் அமர்ந்து அரசமைப்புச் சட்டத்தைப் படித்து வருகிறோம். அவர்களுள் ஒரு பெண், தம் தந்தையின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தக் கோரி, மத்திய அரசைச் சேர்ந்த அலுவலகம் ஒன்றில் தமிழில் மனு கொடுத்திருக்கிறார். முகப்பில் இருந்தவர் தாளை அப்படியே திருப்பித் தள்ளி, "இங்கிலீஷ்ல எழுதிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஆட்சிமொழி பற்றிய பகுதி எது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில், "பகுதி 17, பிரிவு 343 முதல் 351 வரை" என்று பதில் வந்தது. அந்த வரிசையில் 350 என்ன சொல்கிறது என்று கேட்டதற்கு விடை இல்லை. புத்தகத்தைத் திறந்து படித்தோம். குறை தீர்க்கக் கோரும் முறையீட்டை ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அலுவலரிடமும், அந்தந்த நேர்வுக்கேற்ப ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழக்கிலுள்ள எந்த மொழியிலும் அளிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. குடிமகன் என்றுகூட அங்கே சொல்லவில்லை. யாராக இருந்தாலும் என்பதே அதன் பொருள். அதே மனுவின் அடியில் 350-ஆவது பிரிவைச் சுட்டி ஒரு வரி சேர்த்து மறுநாள் கொடுத்தார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பதில் ஆங்கிலத்தில்தான் வந்தது என்பது வேறு கதை.

இதில் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். எல்லையோர வட்டம் ஒன்றில் நான் எழுத்தராக இருந்த காலத்தில், தெலுங்கில் எழுதிக் கொண்டுவந்த பட்டா மாறுதல் மனுக்களைத் தமிழில் எழுதி வரச்சொல்லித் திருப்பியனுப்பியிருக்கிறேன். எவரும் எதிர்த்துக் கேட்டதில்லை; அவர்களும் 350-ஐப் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. பணியில் சேரும் முன் எழுதிய தேர்வில் அரசமைப்புச் சட்டத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மொழியைப் பற்றிய இதே பிரிவைத் துணைக்கொண்டுதான், ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்ததை எதிர்த்து மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் தொடுத்த வழக்கில், எந்த மொழியில் முறையீடு வந்ததோ அந்த ஆங்கிலத்திலேயே ஒன்றிய அரசு பதில் தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

எண்ணை மட்டும் அறிந்தவர் வாழ்க்கையில் எங்கே தடுக்கி விழுவார் என்பதற்கு 22-ஆவது பிரிவு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. கைதான ஒருவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, தடுப்புக் காவலில், அதாவது இனிக் குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே பிடித்து, வைக்கப்பட்டவர்க்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று சொல்வதும், உயர் நீதிமன்ற நீதிபதிக்குரிய தகுதி உடையோர் அடங்கிய அறிவுரைக் குழுமம் போதிய காரணம் உண்டென்று கூறாதவரை மூன்று மாதத்துக்கு மேல் அவரை வைத்திருக்க முடியாது என்று அடுத்த உட்பிரிவு சொல்வதும் கையேட்டில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. குண்டர் சட்டத்தின்கீழ் மகன் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட தாய் ஒருவருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டு உட்பிரிவுகள்தான். பட்டியலில் அது எத்தனையாவது அடிப்படை உரிமை என்ற தகவல் அவருக்கு எதற்கும் பயன்படாது.

அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1951 என்று ஆண்டைச் சொல்லிவிடுகிறார்கள். அதன் முக்கியமான பகுதிகள் நம் மாநிலத்து வழக்குகளிலிருந்து முளைத்தவை என்பதைச் சொல்வதில்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்ற பங்கீடு இருந்தது. இதை எதிர்த்து எழுந்த செண்பகம் துரைராஜன் வழக்கில், சாதி, மதம் போன்றவற்றை மட்டும் காரணம் காட்டி அரசுக் கல்வி நிறுவனங்களில் இடம் மறுக்கக் கூடாது என்னும் 29(2)-க்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாததாக்கியது. அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோர்க்கு இடஒதுக்கீடு தர 16(4) என்ற உட்பிரிவு தொடக்கத்திலேயே இருந்தது. கல்விக்கு அப்படி ஒன்று எழுதப்படவில்லை. இல்லாத அந்த ஓர் உட்பிரிவுதான் வழக்கின் முடிவைத் தீர்மானித்தது. அதற்கு எதிராகத் தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாகவே, பிற்படுத்தப்பட்டோர் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கும் 15(4) சேர்க்கப்பட்டது. அதே திருத்தத்தில் பேச்சுரிமையின் மீது பொது ஒழுங்கு என்ற புதிய கட்டுப்பாடும் வந்து அமர்ந்தது. சென்னை அரசு ஓர் ஏட்டுக்கு விதித்த தடையை ரமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-இல் நீக்கியதே அதற்கு ஒரு காரணம். உரிமையை விரிக்கும் வாசகமும் சுருக்கும் வாசகமும் ஒரே திருத்தத்தில், சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு நிறையும் முன்பே சேர்ந்தன என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் உணர முடியும்.

அரசமைப்புச் சட்டத்தைப் படிப்பது என்றால் அதை வணங்குவது என்று ஒரு பழக்கம் வளர்ந்து வருவதும் எனக்கு உடன்பாடில்லை. 1957 நவம்பர் 26 அன்று பெரியாரின் அழைப்பை ஏற்றுத் திராவிடர் கழகத்தினர் சாதியைப் பாதுகாப்பதாகத் தாங்கள் கருதிய பிரிவுகளை எரித்து ஆயிரக்கணக்கில் சிறை சென்றனர். அதைத் தடுக்கவென்றே அன்றைய சென்னை மாநிலம் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எரித்தது சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் 17-ஆவது பிரிவு தீண்டாமையைத்தான் ஒழிக்கிறது, சாதியை அன்று என்பதை வரிவரியாகப் படித்த பின்பே அவர்கள் எரித்தார்கள். எரித்தவர்கள் படித்த அளவுக்கு, ஆண்டுதோறும் முகப்புரையை உரக்க வாசித்து உறுதிமொழி எடுப்பவர்கள் படித்திருப்பார்களா என்பது ஐயமே.

தங்களிடம் என் கோரிக்கை சிறியது. ஆளுநர் சட்டமுன்வடிவுகளை நிலுவையில் வைத்த விவகாரத்தில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய கருத்தையும் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கலாமா, கூடாதா என்ற அந்தத் தகராறின் நடுவே நின்ற சொற்கள், முன்வடிவை மறுபரிசீலனைக்கு அனுப்புவது பற்றி 200-ஆவது பிரிவு பேசும் இடத்தில் வரும் 'இயன்ற விரைவில்' என்பவை. நான் பார்த்த செய்திகளில் அந்த வாசகத்தைத் தமிழில் முழுமையாக அச்சிட்டவை மிகச் சில. இனி அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு எண் ஒன்று செய்தியில் இடம்பெறும்போதெல்லாம், ஓரத்தில் ஒரு சிறு கட்டமிட்டு அதன் வாசகத்தைத் தமிழில் அப்படியே தாருங்கள். பிரிவு, கூறு, உறுப்பு, ஷரத்து என்று நான்கு சொற்கள் இடத்துக்கு இடம் மாறி வந்து வாசகரைக் குழப்புகின்றன; அவற்றுள் எதையேனும் ஒன்றைத் தேர்ந்து, அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். மாணவர் பக்கத்தின் அடுத்த தொகுப்பில் நாற்பதில் பத்துக் கேள்விகளையாவது, வாசகத்தைக் கொடுத்துவிட்டு, "இந்த மனுவைத் திருப்பியனுப்பியது சரியா?" என்ற வகையில் கேளுங்கள். அத்தகைய கேள்விகளைத் தயாரித்துத் தர எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு ஆயத்தமாக இருக்கிறது. முதல் கேள்வியை அந்தப் பெண்ணே எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்