தாலந்தை முதலீடாகப் படித்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் வேதபாட வகுப்பில் நீ மத்தேயு 25-ன் தாலந்து உவமையைப் பற்றிப் பேசியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயணம் போகிற எஜமான் மூன்று வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துப் போகிறான்; முதல் இருவர் அதை இரட்டிப்பாக்குகிறார்கள், மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறான் என்ற அதே கதை. "முதலீடு செய்தவனுக்குப் பாராட்டு, பணத்தை முடக்கியவனுக்குத் தண்டனை. இயேசுவே சந்தைப் பொருளாதாரத்தின் பக்கம்தான்" என்று முடித்தாய். பின்னால் இருந்த ஒருவர் எழுந்து, இயேசுவின் திராட்சத் தோட்டத்து உவமையில் காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி கிடைத்ததைச் சொல்லி, அது சமதர்மம் என்றார். கைதட்டல் இரண்டு பேருக்கும் விழுந்தது. எனக்கு அங்கேயே பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் தொகையைப் பார். நம் சபைகளில் தாலந்து என்றால் பாட்டும் படமும் பேச்சும்தான். திறமை என்ற அந்தப் பொருளே இந்த உவமைக்குப் பல நூற்றாண்டு விளக்கம் சொல்லிச் சொல்லி வந்தது. மூலக் கதையில் அது வெள்ளியை நிறுக்கும் எடை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு. ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் ஒரு தாலந்து 20 வருஷக் கூலி. ஐந்து தாலந்து வாங்கியவன் கையில் 100 வருஷக் கூலி இருந்திருக்கிறது. அதைத்தான் எஜமான் "கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்" என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த கூலிக்காரர்கள் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஆக, ஒரு தாலந்துக்காரன் "எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது" என்று சுணங்கியவன் இல்லை. மண்ணில் புதைத்ததும் நீ சொன்ன மாதிரிச் சோம்பேறித்தனம் இல்லை. பிறர் பணத்தைப் பாதுகாக்க மண்ணுக்குள் வைப்பதுதான் ஒரே வழி என்று சாமுவேல் என்ற ரபி சொன்னதாக யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் இருக்கிறது. அவர் மூன்றாம் நூற்றாண்டுக்காரர், இருந்தாலும் பழைய மனப்போக்கு அதில் தெரிகிறது. பணத்தைக் காசுக்காரர் வசத்தில் போட்டிருந்தால் வட்டியோடு கிடைத்திருக்குமே என்று எஜமான் கேட்கிறான். சொந்த ஜனத்திடம் வட்டி வாங்கக் கூடாது என்பது உபாகமம் 23-ல் இருக்கும் சட்டம். அதைக் கேட்டு வளர்ந்தவர்களின் காதில் எஜமானின் இந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும்?

இதைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வேலைக்காரன்தான் உண்மையான வீரன், சுரண்டலுக்கு ஒத்துழைக்க மறுத்தவன் என்று படிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. உன் வாசிப்பைவிட அது சுவாரஸ்யம். ஆனால் மத்தேயு இந்தக் கதையை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் அதுவும் நிற்காது. முன்னால் எண்ணெய் இல்லாமல் தூங்கிப்போன கன்னிகைகள், அதற்கும் முன்னால் எஜமான் வரத் தாமதிக்கிறான் என்று குடித்து வெறிக்கிற ஊழியக்காரன். அங்கே இயேசுவின் பேச்சு முழுக்க, வருகிறவர் வரும்வரை எப்படி இருப்பது என்பதுதான். பணம் அங்கே கதைக்கான சாமான்.

சாமானைப் போதனையாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லூக்கா 19 போதும். அதே கதைதான், தாலந்துக்குப் பதில் ராத்தல். அங்கே பிரபு ராஜ்யத்தைப் பெற்றுவரத் தூரதேசம் போகிறான். ஜனங்கள் பின்னாலேயே ஸ்தானாபதிகளை அனுப்பி, இவன் எங்களுக்கு ராஜாவாக வேண்டாம் என்கிறார்கள். கி.மு. 4-ல் ஏரோதின் மகன் அர்கெலாயு ரோமுக்குப் போனதும், யூதர்கள் 50 பேரை அனுப்பி எதிர்த்ததும் முதல் நூற்றாண்டு யூத சரித்திரக்காரர் ஜோசிபஸ் எழுதிவைத்த சரித்திரம். கதையின் பிரபு திரும்பி வந்து, எதிர்த்தவர்களை "எனக்கு முன்பாக வெட்டிப்போடுங்கள்" என்கிறான். லாபம் கேட்டதை முன்மாதிரி என்றால் இதையும் முன்மாதிரி என்றுதானே சொல்ல வேண்டும்? மனுஷகுமாரனாகிய இயேசு இரவில் வரும் திருடனைப் போல வருவார் என்ற வசனத்தைக் காட்டி யாரும் திருட்டை நியாயப்படுத்துவதில்லை. முதலாளி வரும் கதையில் மட்டும் நமக்கு அந்த நிதானம் போய்விடுகிறது.

திராட்சத் தோட்டத்துக்கு வருகிறேன். "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?" என்று தோட்டத்து எஜமான் கேட்பதைச் சொத்துரிமை வசனம் என்பார்கள். அவன் இஷ்டப்பட்டது என்ன என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். நீ அன்றைக்கு அந்த நண்பருக்குச் சொன்ன பதில், பொருளாதாரமாகப் பார்த்தால் சரி: தினமும் இப்படிக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் சாயங்காலம்தான் வருவார்கள். ஊக்கத்தொகை பற்றிய பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண். ஆனால் இந்தக் கதை கூலிக்கொள்கை எழுதவில்லை. கடைசியில் வந்தவர்கள் தந்திரமாகக் காத்திருந்தவர்களும் இல்லை. ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. ஒரு மணி நேர வேலைக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் கணக்கு நேராகும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

இந்தக் கதையில் நான் வியப்பது கூலி கொடுக்கும் வரிசையை. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறான் எஜமான். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசினபடி வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார்கள், கதையே இல்லை. அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரிசை. பக்கத்துக் கூண்டுக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்ததும், அதுவரை ஒழுங்காகத் தின்ற வெள்ளரித் துண்டை வேண்டாம் என்று மறுத்த குரங்குகளைப் பற்றி 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குரங்குகளுக்கும் காலையில் வந்தவர்களுக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்ற கேள்வி அதன்மேல்தான் விழுகிறது. சமதர்மம் பேசிய நண்பரும் இதைத் தவறவிட்டார் என்றுதான் சொல்வேன். எஜமான் எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. சிலருக்குப் பேசியதைக் கொடுத்தான், மற்றவர்களுக்குத் தேவையானதைக் கொடுத்தான்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியனிடம் நல்லெண்ணத்தோடு பணமும் இருந்ததால்தான் அவனை நினைவில் வைத்திருக்கிறோம் என்று 1980-ல் அப்போதைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் சொன்னார். சத்திரக்காரனிடம் அவன் கொடுத்தது இரண்டு தெனாரியம், இரண்டு நாள் கூலி. அவனுக்கு முன்னால் அதே வழியில் பார்த்தும் விலகிப் போன ஆசாரியனிடம் அந்த இரண்டு தெனாரியம்கூட இல்லாமலா இருந்திருக்கும்?

பொருளாதாரக்காரர்களுக்கும் இதே கதிதான். கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் தயவினால் நமக்குச் சாப்பாடு தருவதில்லை என்று ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய வரியை, சுயநலம் நல்லது என்று படிக்கிறவர்கள் ஏராளம். எதிர்த்துப் பேசுகிறவர்களும் அப்படியே படித்துவிட்டுத்தான் எதிர்க்கிறார்கள். அவர் விளக்கியது பரிமாற்றம் எப்படி நடக்கிறது என்பதை. மனிதன் பிறர் துக்கத்தில் தானும் துக்கப்படுகிறவன் என்று தொடங்கும் புத்தகத்தை 1759-லேயே வெளியிட்டவர் அவர்.

உன் பேச்சில் மத்தேயு 25-ஐ முப்பதாம் வசனத்தோடு நிறுத்திவிட்டாய். முப்பத்தொன்றில் மனுஷகுமாரன் சிங்காசனத்தில் உட்காருகிறார். அங்கே யாரிடமும் லாபக் கணக்கு கேட்கவில்லை. "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்" என்று தொடங்குகிறது. அடுத்த வகுப்புக்கு வருவதற்குள் நாற்பத்தாறு வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வா. சண்டை போடலாம், நேரம் இருக்கிறது.

அன்புடன்,
கடைசி வரிசை அண்ணன்