காரில் வெள்ளைத் திட்டு: வாக்ஸ் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

கார் பெயின்ட் மேல புகை படிஞ்ச மாதிரி மங்கலா திட்டு வந்துச்சுன்னா நம்மாளுங்க உடனே வாக்ஸ வாங்கி அப்பிடுறாங்க, ரெண்டு வாரம் பளபளன்னு இருக்கும், நாலு தடவ கழுவுனா பழைய கதைதான். நானும் பானட்ல அப்படித்தான் பண்ணேன், அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல அந்த இடத்த நல்லா கழுவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து தொடைங்க. திட்டு காணாம போயிட்டா அது பழைய வாக்ஸ் மிச்சம், அவ்ளோதான். ஈரமா இருக்கும்போது மறைஞ்சு, காஞ்சதும் திரும்ப வந்தா கிளியர் கோட் மேல, அதாவது கலர் பெயின்ட்டுக்கு மேல இருக்கற நிறமில்லாத பூச்சுல, நுண்ணிய கீறல்னு அர்த்தம், பெரும்பாலும் பஃபிங் மெஷின (பாலிஷ் தேய்க்கிற மெஷின்) கண்டபடி ஓட்டுனதால வர்றது. இதுக்கு சாஃப்ட்டான ஃபோம் பேட்ல ஃபைன் பாலிஷ் போட்டு, நிழல்ல, பெயின்ட் சூடு இல்லாதப்போ, கொஞ்ச இடத்துல மட்டும் முதல்ல தேச்சுப் பாக்கணும். சரியாகலன்னாதான் காம்பவுண்ட், அதாவது பாலிஷ விட சொரசொரப்பா, பூச்ச அதிகமா தேச்சு எடுக்கற பேஸ்ட். எடுத்தவுடனே காம்பவுண்ட் வேணவே வேணாம், ஏன்னா கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடி கூட அதவிட தடிமனா இருக்கும், தேச்சது தேச்சதுதான்.

தொடைக்கிற துணில கார் கலரே ஒட்டுதா? பயப்படாதீங்க, பழைய கார்னா அதுல கிளியர் கோட்டே இல்லாம இருக்கலாம். ஆனா ஓரத்துல தோல் மாதிரி உரிஞ்சு வந்தா எந்த பாலிஷும் வேலைக்கு ஆகாது, திரும்ப பெயின்ட்தான் அடிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்