ஆண்டறிக்கை: கசின் தீவுக்குப் போய்வந்த வருடம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. இரண்டு மட்டும் மழையால் நின்றுபோயின. விரிவாகச் சொல்ல வேண்டியது சீஷெல்ஸ் நாட்டின் கசின் தீவுக்குப் போன பயணம்தான்.

முதலில் ஜூலையில் நாள் குறித்தது என் தவறு. தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே கரையிறங்குவது சிரமம் என்று தெரிந்தும் குறித்தேன். அந்நாட்டின் மாஹே தீவிலிருந்து பிராலின் தீவு வரை போய், சும்மா திரும்பினோம். வீண்செலவு என்று சிலர் கோபித்துக்கொண்டது நியாயமே. சரி, நவம்பரில் மறுபடி கிளம்பினோம்.

நாங்கள் போன படகு தீவைத் தொடவே இல்லை. கடலிலேயே நிறுத்தி, தீவுக் காவலர்கள் தங்கள் படகுக்கு மாற்றி அழைத்துப் போனார்கள். வெளிப்படகில் எலி ஒளிந்து வந்துவிட்டால் பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. "இவ்வளவு கெடுபிடியா?" என்று முணுமுணுத்தவர்கள்தான், கூடே கட்டாமல் வெறுங்கிளையில் முட்டை வைத்து அடைகாக்கும் வெள்ளை ஆலா என்ற கடற்பறவையைப் பார்த்ததும் வாயடைத்து நின்றார்கள்.

1968-இல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியபோது அந்தத் தீவு தென்னந்தோப்பு. சீஷெல்ஸ் கதிர்க்குருவி உலகில் அங்கே மட்டும்தான் மிஞ்சியிருந்தது, அதுவும் 30-க்கும் குறைவாக. தென்னையைக் கட்டுப்படுத்தியதும் பிசோனியா காடு மேலெழுந்தது. பிசோனியா நமது லச்சக்கொட்டைக் கீரையின் உறவுக்கார மரம்! அதன் இலைக்கடியில் இருக்கும் பூச்சிகள்தான் குருவிக்குச் சாப்பாடு. இன்று அந்தத் தீவில் 300-க்கு மேல் இருக்கின்றன. சிறகிருந்தும் கடலைத் தாண்டாத குருவி என்பதால், 1988-இல் 29 குருவிகளை மனிதர்களே ஆரிட் தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் இன்னும் மூன்று தீவுகளுக்கு.

நவம்பருக்குத் தள்ளிப்போனதில் ஒரு லாபம். பட்டப்பகலில் அலுங்காமை என்ற கடலாமை ஒன்று முட்டையிடக் கரையேறி மணலைத் தோண்டியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் இரவில்தான் ஏறும். முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. நம் சங்கத்தில் இது அதிசயம்.

இவ்வாண்டு இருவர் விலகினர், மூவர் சேர்ந்தனர். வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் இரண்டு பைனாகுலர்களில் ஒன்று பயணத்துக்குப் பின் என்னிடம் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர் இன்றே கொடுத்துவிட்டால் நல்லது.

செயலாளர்