மூன்று மாதத்தில் 6ஜி வெல்டரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வந்ததும் உங்கள் நாளிதழில் வரும் வழிகாட்டிப் பக்கங்களில் வெல்டிங்குக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அந்த இடத்தைச் சுவர் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன: 'மூன்றே மாதத்தில் 6ஜி, வளைகுடாவில் வேலை.' இதை நம்பிப் பணம் கட்டும் முன் பிள்ளைகளும் பெற்றோரும் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

6ஜி என்பது குழாயை 45 டிகிரி சாய்த்துப் பூட்டி, அதைத் திருப்பாமலே சுற்றிலும் போடும் வெல்டு. ஒரே ஜாயிண்டில் தலைக்கு மேலும் போட வேண்டும், பக்கவாட்டிலும் போட வேண்டும். முதலில் பிளேட்டில் எல்லாப் பொசிஷனிலும் கை பழக வேண்டும். அதற்கே மாதங்கள் ஆகும். குழாயில் ஆளைக் கவிழ்ப்பது ரூட், அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் அடுக்கு. இரண்டு குழாய்களின் விளிம்பையும் சாய்வாகச் சீவி, நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டு, நகராமல் இருக்க டாக் என்ற சிறு வெல்டு போடுகிறோம். டாக் ஆறும்போது சுருங்கி இடைவெளியை இழுக்கும். ஒரு பக்கம் 2 மி.மீ.க்குக் குறைந்தால் அங்கே ரூட் உள்ளே இறங்காது. எக்ஸ்ரே ஃபிலிமில் நடுவே கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். குழாயின் அடியில் உருகிய உலோகம் கீழே இறங்குவதால் உள்பக்கம் குழிந்துவிடும். உச்சியில் சூடு கூடினால் உள்ளே தொங்கும். வெளியே கேப்பிங் (மேல் அடுக்கு) எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜாயிண்ட் ரிஜெக்ட்தான்.

அடுத்தது ராடு, அதாவது உருகி ஜாயிண்டை நிரப்பும் பூச்சுப் பூசிய கம்பி. கிரில் பட்டறையில் ஓடும் 6013 வகை ராடை அப்படியே எடுத்துப் போடலாம். 7018 வகை அப்படியல்ல. அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்கரைக் காற்றில் இன்னும் சீக்கிரம். பாக்கெட் திறந்து கிடந்த ராடை ஓவனில் 300 டிகிரிக்கு மேல் வைத்துக் காய்ச்சாமல் போட்டால் பிளோ ஹோல் (வெல்டுக்குள் காற்றுத் துளை) விழும். தடித்த இரும்பில் வெல்டு ஆறிய பிறகும் விரிசல் விடலாம். ஆகவே, சேரப்போகிற இடத்தில் ராடு ஓவன் இருக்கிறதா, ஒரு பையனுக்கு வாரத்துக்கு எத்தனை ராடு, எத்தனை குழாய்த் துண்டு தருவார்கள், போட்டதை வளைத்தோ அறுத்தோ காட்டுவார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

சான்றிதழ் பற்றியும் தவறான எண்ணம் உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான அஸ்மியின் செக்‌ஷன் 9 விதிப்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி தருவது வேலைக்கு வைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. பயிற்சி மையத்தின் அட்டையைக் காட்டினாலும் சைட்டில் டெஸ்ட் பீஸ் போட்டே ஆக வேண்டும். தகுதி பெற்ற அதே முறை வெல்டிங்கை 6 மாதம் தொடாமல் இருந்தால் பெற்ற தகுதியும் போய்விடும். பாய்லர் வேலைக்கு ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறைகள்) தேர்வு தனி.

எல்லோரும் 6ஜிக்கு ஓட வேண்டியதும் இல்லை. கிரில், கேட் வேலையில் கூலி ஓரளவுக்கு மேல் ஏறாது, ஆனால் சொந்தப் பட்டறை வைக்கலாம். வண்டி பாடி கட்டும் இடங்களில் சி.ஓ.2 (கரியமில வாயுக் காப்பில் போடும்) வெல்டிங் தெரிந்தவருக்கு மாதச் சம்பளம் உண்டு. மணலி, அத்திப்பட்டுப் பக்கம் பைப் வெல்டருக்குக் கூலி அதிகம். ஆனால் ஷட் டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) முடிந்தால் அடுத்த சைட் தேட வேண்டும். குடும்பத்தில் மாதாமாதம் வருமானம் தேவையா என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

உடம்பையும் பார்க்க வேண்டும். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் வகைப்படுத்தியது. ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்ட் செய்யாமல் வெல்டு அடித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை. நுரையீரலுக்குப் போன புகையைப் பால் கழுவாது. காற்றோட்டமும் புகைக்கான மாஸ்க்கும்தான் வழி.

அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், படிப்பு ஓராண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வடசென்னையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பு வரும்போது அதை முதல் பக்கத்தில் போடச் சொல்லவில்லை. பொறியியல் கலந்தாய்வுச் செய்திக்குப் பக்கத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் பயிற்றுநர்கள் இருவர்,
திருவொற்றியூர், சென்னை.