ஸ்கேன் அறையிலிருந்து என்னைத் தூக்கிவிட்டவர்களுக்கு

மதிப்பிற்குரியவர்களே,

காலையில் எழும்போதே வந்து, வாந்தி எடுத்தபின் சற்றுத் தணியும் என் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று சொல்லி, ஆறு மாதமாக மாத்திரை தந்தவர்களே அதிகம். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, பார்வை நரம்பின் முகப்பு வீங்கியிருப்பதைக் கண்டு, அன்றே சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பிய கண் மருத்துவருக்கு என் முதல் நன்றி.

சி.டி. எடுத்த தொழில்நுட்பர், படம் முடிந்ததும் வழக்கம்போல் "எழுந்து போகலாம்" என்று சொல்லாமல், கதிரியக்க மருத்துவரைக் கையோடு அழைத்துவந்தார். நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. சுரந்து வடிந்துகொண்டே இருக்க வேண்டிய மூளைத் தண்டுவட நீரின் பாதையை மன்ரோ துளையருகே (மூளையின் பக்க அறைகளிலிருந்து அந்த நீர் மூன்றாம் அறைக்கு இறங்கும் வழி) ஒரு கட்டி அடைத்திருந்ததால், மூளைக்குள் அந்த நீர் நிறைந்திருக்கும் நான்கு அறைகளில் பக்க அறைகள் இரண்டும் உப்பியிருந்தன.

எம்.ஆர்.ஐ. எடுத்த சகோதரியை எப்படி மறப்பேன்? மட்டமாகப் படுத்தால் தலைவலி ஏறும்; இரண்டு முறை ரப்பர் குமிழை அழுத்தி நிறுத்தச் சொன்னேன். இரண்டு முறையும் முகம் சுளிக்காமல் வெளியே இழுத்து, வாயைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

கதிரியக்க மருத்துவர் திரையருகே என்னை உட்காரவைத்து விளக்கியது இன்னும் நினைவிலிருக்கிறது. மூளை அறைக்குள் வளரும் கட்டியை அடையாளம் காண, அது எங்கே ஒட்டியிருக்கிறது, நோயாளிக்கு என்ன வயது என்பவற்றைத்தான் முதலில் பார்ப்பார்களாம். குழந்தைக்கு நான்காம் அறையில் என்றால் எபென்டிமோமா, மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி வகைகள் நினைவுக்கு வரும். பெரியவருக்கு மூன்றாம் அறையின் கூரையில், சி.டி.யில் வெளுப்பான உருண்டையாக இருந்தால் கொலாய்டு நீர்க்கட்டி. எனக்கோ வயது 29. கட்டி இரு பக்க அறைகளுக்கும் நடுவிலுள்ள செப்டம் பெலூசிடம் என்ற மெல்லிய திரையில் ஒட்டி, சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாக, ஆங்காங்கே சுண்ணாம்புப் படிவுகளுடன் இருந்தது. அறிக்கையில் அவர் 'பெரும்பாலும் சென்ட்ரல் நியூரோசைட்டோமா' (மூளை அறைக்குள் நரம்பணு வகைச் செல்களால் உருவாகும் அரிய கட்டி) என்று எழுதி, வேறு இரண்டு வாய்ப்புகளையும் கீழே குறித்திருந்தார். அந்தப் 'பெரும்பாலும்' அன்று என்னைக் கலங்கடித்தது உண்மை. முடிவுசொல்ல வேண்டியது திசுப் பரிசோதனை என்பதால்தான் அப்படி எழுதினார் என்று பிறகு புரிந்தது.

நோயியல் மருத்துவரின் அறிக்கையும் அதையே உறுதிசெய்தது: நான்கு தரங்களில் இரண்டாம் தரக் கட்டி, அதாவது பொதுவாக மெதுவாக வளர்வது. படங்களை முன்னால் வைத்துப் பாதை வகுத்து, கட்டியை முழுமையாக அகற்றிய அறுவை மருத்துவருக்கும், இரவெல்லாம் மூளை நீரை வெளியேற்றும் வடிகுழாயின் அளவைக் குறித்துக்கொண்டிருந்த செவிலியர்களுக்கும் நன்றி.

அடுத்த எம்.ஆர்.ஐ. ஆறு மாதம் கழித்து. சகோதரி, இந்த முறை அந்தக் குமிழை அழுத்தமாட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி